ஈ முகம் கழுவி முடிக்கும் வரை

இனங்காட்டியைப் பற்றி யார் ஒரு வார்த்தை குறைத்துப் பேசினாலும் நாகவேணிக்குப் பொறுக்காது. பாதி ஆயுளை நுண்ணோக்கியின் முன் குனிந்தே கழித்தவள் அவள். ஒட்டுண்ணி ஈக்களில் ஒரு சாதிக்கும் இன்னொரு சாதிக்கும் உள்ள வித்தியாசம் கன்னத்து மயிரிலும் முதுகுக் கோட்டிலும் ஒளிந்து கிடக்கும். அதைத் தேடித் தேடிக் கழுத்து வலி வந்ததுதான் அவள் கண்ட பலன். அந்த வேலையை இந்த இயந்திரம் கண் மூடித் திறப்பதற்குள் செய்தது. பட்டுப்புழு வளர்க்கும் ஏதோ ஒரு ஊரில் யாரோ ஒருவர் கைபேசியில் ஈயைப் படம் பிடித்து அனுப்புவார். அது இன்ன ஈ, ஆணா பெண்ணா, கெட்டதா சாதுவா என்று பட்டு ஆராய்ச்சி மையத்தில் இருக்கும் இனங்காட்டி சொல்லிவிடும். அதுவும் எவ்வளவு மரியாதையாக! "வணக்கம். இது வீட்டு ஈ. கவலை வேண்டாம்" என்று ஒரு நாளைக்கு நூறு பேருக்குச் சொன்னாலும் அதன் குரலில் சலிப்பு தட்டியதே இல்லை.

ஈக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்றால், காரணம் இருக்கிறது. நம் பக்கத்து ஊசி ஈ பழைய எதிரி. பட்டுப்புழுவின் மேல் உட்கார்ந்து ஒரு முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். முட்டையிலிருந்து வரும் குட்டிப்புழு, பட்டுப்புழுவின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கி, உயிரோடு தின்று தீர்க்கும். அதற்கு வலை கட்டினார்கள், பொறி வைத்தார்கள், போனது போக மிச்சம் என்று பிழைத்தார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் வந்து சேர்ந்த வெண்முக ஊசி ஈ அப்படிப்பட்டதல்ல. அது புகுந்த புழு வளர்ப்பு மனையில் ஒரு புழுவும் கூடு கட்டாது. கொஞ்ச நாளில் பக்கத்து ஊருக்கும் போய்விடும். பார்க்கப் பழைய ஊசி ஈ மாதிரியேதான் இருக்கும். முகமும் முதுகு மயிரும் மட்டும் சாம்பல் வெளுப்பு. மருந்துக்கு அடங்கவில்லை. நெருப்புக்குத்தான் அடங்கியது.

அதனால் சட்டம் வந்தது. வெண்முக ஈயாக இருக்க நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் வாய்ப்பு என்று இனங்காட்டி சொன்னால், அந்த மனையில் உள்ள புழுவை அன்றைக்கே எரிக்க வேண்டும். எரிக்கும் முன் ஒரு மனிதர் கைக்கருவியில் கட்டைவிரல் வைத்து ஒப்ப வேண்டும். அந்த விரல் நாகவேணியுடையது. மறுக்கவும் ஒரு கட்டம் கருவியில் உண்டு. அதை அவள் தொட்டதில்லை. தொடவேண்டிய அவசியம் வரவில்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

அன்று மதியம் சீங்கனஅள்ளியிலிருந்து வந்த படத்துக்கு இனங்காட்டி தொண்ணூற்றேழு என்றது.

"மேடம், விரலை இங்கியே வெச்சிக் குடுத்துட்டா நாங்க மட்டும் போயி வேலைய முடிச்சிட்டு வந்துடுவோம்" என்றார் தீயணி மேஸ்திரி பெரியதம்பி, ஜீப்பை ஓட்டிக்கொண்டே. "இந்த வெயில்ல நீங்க எதுக்கு?"

"எரிக்கப் போற எடத்தை ஒரு தடவை கண்ணால பாத்துடணும்."

"பாத்துட்டு?"

"பாத்துட்டு விரலை வெப்பேன்."

"அதுக்கு இங்கியே வெச்சிருக்கலாம்" என்று பெரியதம்பி தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

புழு மனையின் வாசலில் மாதம்மா நின்றிருந்தாள். நாற்பத்தைந்து வயது, முழங்கை வரை மல்பெரி இலைக் கறை. கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், இல்லையென்றால் காலில் விழுவாள் என்று எல்லாவற்றுக்கும் நாகவேணி தயாராக வந்திருந்தாள். மாதம்மா அது ஒன்றும் செய்யவில்லை.

"செருப்பைக் கழட்டுங்க. காலை மருந்துத் தண்ணில நனைச்சிட்டு வாங்க. கையும் கழுவணும்."

"எரிக்கத்தானம்மா வந்திருக்கோம்" என்றார் பெரியதம்பி.

"எரிக்கறப்ப எரிச்சிக்கோங்க. அது வரைக்கும் இது புழு மனை. அழுக்குக் காலோட ஒருத்தரும் உள்ள வரக்கூடாது."

பெரியதம்பி மறு பேச்சில்லாமல் பூட்சைக் கழற்றினார்.

உள்ளே தட்டுத் தட்டாக, விரல் மொத்தத்தில் வெள்ளை வெளேரென்று புழுக்கள். ஐந்தாம் பருவம் முடியப் போகிறது. விடிந்தால் கூடு கட்ட ஏற்றிவிடலாம். அதற்கான மூங்கில் சந்திரிகைகள் கழுவிக் காய்ந்து சுவரோரம் சாய்ந்திருந்தன. மாதம்மாவின் கணவர் சின்னப்பையன், வந்தவர்களைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு, இலை போடுவதை நிறுத்தாமல் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இன்னும் இலை போடறீங்க?" என்றாள் நாகவேணி, கேட்கக் கூடாதென்று நினைத்தும் கேட்டுவிட்டாள்.

"எரிக்கற வரைக்கும் அதுங்களுக்குப் பசிக்குமில்லங்க" என்றார் அவர்.

நாகவேணி கைக்கருவியை எடுத்தாள். மையத்தில் இருக்கும் இனங்காட்டி அதன் வழியே பார்க்கும், பேசும்.

"வணக்கம். அனுப்பிய படத்தில் இருப்பது வெண்முக ஊசி ஈ. வாய்ப்பு தொண்ணூற்றேழு. தங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்."

"இது எதுக்குச் செய்தி வாசிக்கற மாதிரி பேசுது?" என்றாள் மாதம்மா. "நேத்துப் பொறந்த மெசினு. அது சொன்னா சொன்னதுதானா?"

"ஆறு வருசமா அது ஒரு தடவை கூடத் தப்பாச் சொன்னதில்லக்கா."

"யாரு பாத்தாங்க தப்பா சரியான்னு?"

"ஏன், எத்தனை ஊரை அது காப்பாத்தியிருக்கு..."

"அத விடுங்க. எரிச்ச ஊருல? எரிச்சதுக்கு அப்பறம் சாம்பலைக் கிளறிகினு யாராச்சும் ஈயத் தேடுனீங்களா?"

நாகவேணிக்குச் சுருக்கென்றது. தேடவில்லை. எரித்த பிறகு அங்கே தேட என்ன இருக்கிறது? எரித்த ஊரில் வெண்முக ஈ மறுபடி வரவில்லை. அதுதான் இயந்திரம் சரி என்பதற்கு அத்தாட்சி. அங்கே முதலிலேயே இல்லாமலிருந்தாலும் அது வந்திருக்காதுதான்.

பேச்சை மாற்ற, "ஈ எங்கே?" என்று கேட்டாள்.

சன்னல் ஓரத்தில் ஒரு கண்ணாடி டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. உள்ளே ஒரு ஈ, வெள்ளையும் சாம்பலுமாக, சாதுவாக உட்கார்ந்திருந்தது. இத்தனை சாதுவாக உட்காரும் ஈயை நாகவேணி ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடுதான் பார்த்திருக்கிறாள். மையத்தின் முறை அதுதான்: டப்பாவில் போட்டுக் கொஞ்ச நேரம் குளிரில் வைத்தால் ஈ மந்தமாகிவிடும், அசையாமல் படத்துக்கு நிற்கும்.

"ஃபிரிட்ஜுல எவ்ளோ நேரம் வெச்சீங்கக்கா? இன்னும் மந்தமாவே இருக்குதே."

மாதம்மாவின் முகம் கோணியது. "ஃபிரிட்ஜுலயா? தூ! தயிரு, மாவு வெக்கற எடத்துல ஈயைக் கொண்டுபோயி எவளாச்சும் வெப்பாளா? உங்க மையத்துல சொல்லிட்டுப் போயிட்டாங்க. இந்த ஊருல ஒருத்தி வெக்கமாட்டா."

"அப்பறம் எப்படிப் படம் எடுத்தீங்க? உயிரோட இருக்கற ஈ நிக்காதே."

"நிக்க வெக்கலாம்" என்றாள் மாதம்மா. எரிக்கப் போகிறார்கள் என்பதையே ஒரு கணம் மறந்து அவள் குரலில் பெருமை ஏறியது. "புழு தோலு உரிக்கறப்ப மேல தூவுவோமே சுண்ணாம்புத் தூளு, அதுல ஒரு சிட்டிகை. டம்ளருக்குள்ள தூவி ஒரு குலுக்கு. மேலெல்லாம் தூளு ஒட்டிகினா அது பறக்காது. உக்காந்து மூஞ்சி கழுவ ஆரம்பிச்சிடும். அப்ப ஆற அமர போட்டோ எடுத்துக்கலாம். நீங்க பாக்கணுமேன்னு இப்பக் கூட இன்னொரு சிட்டிகை தூவி வெச்சேன். நான்தான் கண்டுபுடிச்சேன். இப்ப ஊரே இப்படித்தான் எடுக்குது."

நாகவேணி டம்ளருக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, இதோட மூஞ்சி வெள்ளையா இருக்குதே..."

"சுண்ணாம்பு."

"முதுகு?"

"அதுவுந்தான்." சொன்ன பிறகுதான் மாதம்மாவுக்கும் உறைத்தது. இலைக் கறை படிந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, நானே பவுடரு போட்டு வுட்டனா?"

சின்னப்பையன் முதல் தடவையாக இலையைக் கீழே வைத்தார்.

நாகவேணி கைக்கருவியை டம்ளருக்கு நேராகப் பிடித்தாள். "இனங்காட்டி, இந்த ஈ மேல சுண்ணாம்புத் தூள் இருக்கு. அதைத் தள்ளிட்டுப் பாத்துச் சொல்லு."

"சுண்ணாம்பு பூசிய ஈயை எனக்கு யாரும் காட்டியதில்லை" என்றது இனங்காட்டி. "எது தூள், எது மயிர் என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. ஈ தன்னைச் சுத்தம் செய்துகொள்ளட்டும். நான் படம் படமாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன்."

"சட்டப்படி இருட்டறதுக்குள்ள எரிச்சாகணும் மேடம்" என்று வாசலிலிருந்து பெரியதம்பி நினைவூட்டினார். "வெயிலு எறங்கிப்போச்சி."

"ஈ கழுவற வரைக்கும் இரு பெரியதம்பி."

"என் சர்வீஸ்ல ஒரு ஈ குளிச்சி முடிக்கட்டும்னு காத்துகினு நிக்கறது இதான் முதல் தடவை" என்றவர், தானும் உள்ளே வந்து எட்டிப் பார்த்தார்.

ஈ முன்னங்கால் இரண்டையும் தேய்த்தது. கையைத் தூக்கித் தலைக்கு மேல் கொண்டுபோய், கழுத்தே கழன்றுவிடும்போல் தலையைத் திருகி முகத்தை வழித்தது. வழித்த தூளைக் காலோடு கால் தேய்த்து உதிர்த்தது. மறுபடி முகம். கண்ணை எத்தனை நிதானமாகத் துடைத்தது! மணவறைக்குப் போகிற பெண்கூட இத்தனை பதவிசாக முகம் திருத்திக்கொள்ள மாட்டாள். எத்தனையோ ஆயிரம் ஈக்களை ஊசியில் குத்திப் பார்த்தவள் நாகவேணி. ஒரு ஈ இப்படி முகம் கழுவி முடிக்கும் வரை உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

"எண்பத்தெட்டு" என்றது இனங்காட்டி.

"இன்னும் நல்லாத் தேய்டீ" என்றாள் மாதம்மா ஈயிடம். "காது பக்கம் வுட்டுட்டே."

"ஈக்குக் காதா?" என்றார் பெரியதம்பி.

"உனக்கு இருக்குதில்ல, அதால சும்மா கேட்டுகினு நில்லு."

ஈ பின்னங்கால்களை எடுத்தது. றெக்கையின் மேலும் கீழும் சீவியது. வயிற்றை வழித்தது. எழுபத்து நான்கு. அறுபத்தெட்டு. முகத்தின் வெள்ளை போய்ப் பழுப்பு தெரிந்தது. அறுபத்து மூன்று.

அதோடு நின்றுவிட்டது. ஈ கழுவி முடித்துவிட்டது. றெக்கைக்கு நடுவே, முதுகில், எந்தக் காலுக்கும் எட்டாத ஓரிடத்தில் மட்டும் வெள்ளை அப்படியே இருந்தது.

"அறுபத்து மூன்று" என்று மறுபடி சொன்னது இனங்காட்டி.

"அந்த முதுகுல இருக்கறதும் சுண்ணாம்புதான்! சத்தியமா சுண்ணாம்புதான்!"

"இருக்கலாம். வெண்முக ஈயின் முதுகு மயிராகவும் இருக்கலாம்."

நாகவேணி டம்ளரைத் தூக்காமல், அடியில் ஒரு அட்டையைச் செருகி, தட்டிலிருந்து ஒரே ஒரு புழுவை உள்ளே விட்டாள். முட்டையிடும் வெண்முக ஈ, இந்தப் பருவத்துப் புழுவைக் கண்டால் விடாது. இந்த ஈயின் வயிறோ முட்டை நிறைந்து உப்பியிருந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஈ புழுவின் மேல் ஏறியது. மாதம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஈ புழுவின் முதுகில் நிதானமாக நடந்து, மறு பக்கம் இறங்கி, கண்ணாடியில் ஏறிக்கொண்டது.

"பாத்தியா? சீண்டலை!"

"பார்த்தேன்" என்றது இனங்காட்டி. "ஆனால் ஈயின் உருவத்துக்கு மட்டும்தான் எண் போட எனக்கு அனுமதி. அது செய்வதற்கு எண் போட அனுமதி இல்லை. அறுபத்து மூன்று."

கைபேசி அடித்தது. மையத்து இயக்குநர் ஜெயசீலன்.

"நாகவேணி, என்னம்மா அங்க? தொண்ணூத்தேழு எப்படி அறுபத்து மூணாச்சு?"

"சார், அது சுண்ணாம்பு..."

"சரி, அறுபத்து மூணே இருக்கட்டும். அறுபதுக்கு மேலதானே? வெச்சிட்டு வா. ஒரு மனையா, ஒரு பள்ளத்தாக்கான்னு யோசி. நீ மறுத்து, அது நிஜமாவே வெண்முகமா இருந்தா, இந்த ஜில்லாவுல பட்டுன்னு ஒண்ணு இருக்காது. மறுத்தவங்கதான் பொறுப்பு. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் கொடுமை. நாகவேணி கைக்கருவியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இனங்காட்டி, எண்ணை விடு. உனக்கு இது என்ன ஈன்னு தெரியுமா, தெரியாதா?"

"முதல் வருடத்தில் 'தெரியவில்லை' என்று ஒரு பதில் என்னிடம் இருந்தது" என்றது. "அது வந்தால் எரிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை என்று எல்லாரும் கோபப்பட்டார்கள். எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து என்ன கேட்டாலும் ஒரு பெயரும் ஒரு எண்ணும் தருகிறேன்."

"அந்தப் பதில் இப்ப இருந்திருந்தா?"

"அதைத்தான் சொல்லியிருப்பேன்."

மாதம்மா, சின்னப்பையன், பெரியதம்பி மூவரும் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருடம் அந்த இயந்திரத்தை அவள் மெச்சியதெல்லாம் அதற்கு எல்லாம் தெரியும் என்பதற்காக. இன்றைக்கு அதன் மேல் வந்த மதிப்பு வேறு மாதிரியானது. அது வாய் கட்டிய நிலையிலும் பொய் சொல்லவில்லை. நாகவேணி மறுப்புக் கட்டத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

விதிப்படி மனையைச் சுற்றி இரட்டை வலை கட்டினார்கள். பெரியதம்பி வெளியே காவல். மறுத்தவள் உள்ளே. புழு கூடு கட்டி, கூட்டை அறுத்துப் பார்க்கும் வரை அவள் வலையைத் தாண்டக் கூடாது.

"வந்ததுதான் வந்தீங்க, சும்மா உக்காராதீங்க" என்று மாதம்மா அவளையும் வேலையில் இறக்கிவிட்டாள். பழுத்த புழுவைப் பொறுக்கிச் சந்திரிகையில் விடும் வேலை. "மேடத்துக்கு ஈயைத் தெரியுது, புழுவைத் தெரியல. அது இன்னும் பழுக்கலம்மா, வுடு, இன்னொரு வேளை தின்னட்டும்!" என்று ஏச்சு வேறு.

ஊசி ஈ முட்டையிட்டிருந்தால், குட்டிப்புழு துளைத்த இடம் பட்டுப்புழுவின் தோலில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். காலையிலும் மாலையிலும் மூன்று பேரும் டார்ச்சு அடித்துத் தேடினார்கள். கூட்டுக்குள் மறையாமல் எஞ்சிய புழுக்களை நாகவேணி புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். சோறு இறங்கவில்லை. மாதம்மா தட்டில் களியும் கீரையும் வைத்து, "ஒரு பள்ளத்தாக்கைத் தலைல தூக்கிவெச்சிகினு இருக்கே, தின்னாம எப்படித் தாங்குவே?" என்று பக்கத்திலேயே உட்கார்ந்து தின்ன வைத்தாள். 'மேடம்' எப்போது 'ஏம்மா' ஆனது என்று இருவருக்குமே தெரியாது.

டம்ளர் ஈக்கும் ஒரு வழி பிறந்தது. மல்பெரி இலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இருந்து அரிக்கும் பச்சைப் புழு ஒன்று, இலையோடு வந்திருந்தது. நாகவேணி அதைச் சுருளோடு டம்ளருக்குள் விட்டாள். விட்டதுதான் தாமதம், ஈ பாய்ந்து போய் அதன் முதுகில் முட்டையை ஒட்டியது.

"அடி ராசாத்தி!" என்று கூவினாள் மாதம்மா. "எங்க தோட்டத்து இலையக் காப்பாத்தறவளா நீ? உன் மேலயா நான் சுண்ணாம்பைக் கொட்டுனேன்?"

கூடு அறுக்கும் நாள் இயக்குநரும் வந்து வலைக்கு வெளியே நின்றார். சின்னப்பையன் கூடையில் கைவிட்டுக் கண்ட இடத்திலிருந்து கூடுகளை எடுத்துக் கொடுத்தார். நாகவேணி பிளேடால் அறுத்தாள். முதல் கூட்டுக்குள் பழுப்பு நிறத்தில் பளபளவென்று முழுக் கூட்டுப்புழு, தொட்டதும் வாலை ஆட்டியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, நான்காவது. கூடை பாதி ஆகும் வரை அறுத்தாள். ஈயின் குட்டிப்புழு ஒன்று கூட இல்லை.

"போதும்மா" என்றார் ஜெயசீலன். "இனி அறுத்தா அவங்களுக்கு நட்டம்." கொஞ்சம் நின்று, "நீ சொன்ன அந்தத் 'தெரியல'ங்கற பதிலைத் திரும்ப வெக்கச் சொல்லிட்டேன். திட்டு வாங்கப் போறது நான்தான்" என்று சொல்லிவிட்டு ஜீப்பைப் பார்க்க நடந்தார்.

பெரியதம்பி வலையை அவிழ்க்கும்போது மாதம்மா கைக்கருவியை வாங்கி, டம்ளர் ஈயைக் காட்டினாள். "இப்ப சொல்லு பாக்கலாம்."

"தெரியவில்லை" என்றது இனங்காட்டி. "இந்த ஈ என்னிடம் இல்லை. காட்டியதற்கு நன்றி."

"அட! மனுசன் மாதிரி பேசுதே!" மாதம்மா சிரித்துக்கொண்டே கருவியை நாகவேணியிடம் நீட்டினாள். அது இன்னும் பேசி முடிக்கவில்லை.

"ஒரு அனுமதி வேண்டும். நான் தெரியும் என்று சொல்லி எரித்த ஊர்களின் படங்கள் என்னிடம் இருக்கின்றன. அவற்றை இந்தப் புதிய பதிலோடு மறுபடி பார்க்க விரும்புகிறேன். தங்கள் விரல் தேவை."

சிரிப்பு நின்றுவிட்டது. நாகவேணி அசையாமல் கருவியைப் பார்த்தாள். அந்தப் படங்கள் ஒவ்வொன்றின் கீழும் ஒப்பிய விரல் அவளுடையது.

மாதம்மா அவள் தோளைத் தொட்டாள். "வேணாம்னு சொல்லிடும்மா" என்றாள் மெல்ல. "எரிஞ்சது எரிஞ்சிபோச்சி. இனிமேட்டு ஒழுங்கா நடந்தா சரி. எதுக்கு உன் கழுத்துல நீயே..."

"அது கேக்குதேக்கா."

"மெசினு கேட்டா?"

"அதுக்கே கேக்கத் தோணுது" என்ற நாகவேணி விரலை வைத்தாள்.

திரை நிறைய முதல் படம் எழும்பியது. தகரக் கூரை, நீல வலை, நடுவில் ஒரு ஈ. மாதம்மா கூட்டுக் கூடையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் இப்படித் திருப்பு" என்றாள். "எனக்கும் தெரியட்டும்."